உங்களுக்குத் தெரியுமா? மலைக்குளிருக்கு எந்த பூட்ஸ்?

பனிநாட்டு வேட்டைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட கனத்த பூட்ஸ் இப்போது ஊவா மலைகளுக்கும் வந்துவிட்டது. கனடாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் உறவினர் அனுப்புகிறார்கள். ஹோட்டன் சமவெளிக்கு நடக்கப் போகிறவர்கள் கடையில் விசாரிக்கிறார்கள். வேலைக்கு வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படுகிறது. அதை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படிச் சோதிப்பது, நம் மலைக்கு அது உண்மையில் பொருந்துமா என்பதைப் பற்றிய துணுக்குகள் இவை.

● பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை ஏறத்தாழ 1,230 மீற்றர், அப்புத்தளை 1,430 மீற்றர். ஒஹியாவில் இறங்கி மேலே ஏறினால் ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றரைத் தொடும். ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை குறையும். அப்படியானால் பதுளை பஸ் நிலையத்தில் நிற்பவருக்கும் சமவெளியில் நிற்பவருக்கும் இடையில் ஒன்பது பாகை வித்தியாசம். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை சில விடியற்காலைகளில் அங்கே புல் நுனியில் துகள் உறைபனி பூத்திருக்கும். வெயில் ஏறியதும் கரைந்து ஓடும். நம் ஊரில் காலைக் குளிர வைப்பது பெரும்பாலும் பனியல்ல, தண்ணீர்தான். பூட்ஸ் வாங்கும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இது.

● ஊவாவில் பூட்ஸ் போட்ட வேட்டைக்காரர்களின் கதை பழையது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று அந்தக் கால எழுத்தாளர்கள் குறித்திருக்கிறார்கள். 1845 ஜூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்டதுதான் பதுளையில் இன்றும் நிற்கும் புனித மாற்கு தேவாலயம். அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1848 முதல் 1855 வரை, நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களை விட்டு மரைகளை விரட்டிக் கத்தியால் குத்திக் கொன்றார். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். புத்தகத்தில் துப்பாக்கிக்கும் நாய்களுக்கும் பெயர் உண்டு. அந்தக் குளிர்க் காட்டில் கூடாரத்தையும் அரிசி மூட்டையையும் சுமந்து பின்னால் நடந்த கூலிகள் பெரும்பாலும் வெறுங்காலர்கள்.

● 1818இல் ஊவா வெல்லஸ்ஸையில் கிளர்ச்சி நடந்தபோது மலைக்கு அனுப்பப்பட்ட படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள்; பாதை வெட்டுபவர்களும் சுமைக்காரர்களும் கூடப் போனார்கள். அவர்களில் பலர் அட்டைக்கடியாலேயே மாண்டார்கள் என்று ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தன் இலங்கை நூலில் எழுதுகிறார். ஒரு அட்டை யாரையும் கொல்லாது. நாள்தோறும் பல நூறு கடி, ஈரம், புண், புண்ணில் சீழ், அதோடு ஓய்வில்லாத நடை எல்லாம் சேர்ந்தால் கொல்லும். கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் உறை தைத்துக் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டதையும், ஊர் மக்கள் எண்ணெயும் புகையிலைச் சாம்பலும் எலுமிச்சைச் சாறும் பூசிக்கொண்டதையும் அவர் சொல்கிறார்.

அந்தத் துணியுறை இன்றும் தோற்கவில்லை. எவ்வளவு விலை உயர்ந்த பூட்ஸாக இருந்தாலும் அட்டை அதன் வெளிப்புறமாக ஏறி, மேல் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். பசித்த அட்டை நூல் போல மெலிந்திருக்கும். சாதாரண சொக்ஸின் பின்னலுக்குள்ளே வாயை நுழைத்துவிடும். அதனால் இழை நெருக்கமான பருத்தித் துணியில் முழங்கால் வரை உயரமான உறை தைத்து, சொக்ஸுக்கு மேலே போட்டு, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டிவிட்டு, அதன் பிறகு பூட்ஸை மாட்ட வேண்டும். வெளிர் நிறத் துணியாக இருந்தால் ஏறுகிற அட்டை கண்ணில் படும். சிங்கராஜ வனத்துக்குப் போகிறவர்கள் அணிவதும் இதைத்தான். ஊரிலுள்ள எந்தத் தையற்காரரும் ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுப்பார்.

● தோட்டத்துப் பெண்களின் முறை வேறு. விடியலில் பெரட்டுக்குப் போகுமுன் சவுக்காரக் கட்டியை நனைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை நுரை வராமல் அழுத்தித் தேய்ப்பார்கள். விரலிடுக்கில் இன்னொரு தடவை. அது காய்ந்து வெள்ளையாகப் படிந்ததும் பழைய நீளச் சொக்ஸை இழுத்துவிட்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அட்டைக்குச் சவுக்காரம் ஆகாது என்பது உண்மை. ஆனால் மழை பெய்தால் பத்து மணிக்கெல்லாம் அது கரைந்துவிடும். மீதிப் பொழுதெல்லாம் கால் தன் பாட்டில்தான்.

● அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் வருவதற்குக் காரணம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளை அது கடிவாயில் விடுவதுதான். பிய்த்து இழுக்காதீர்கள். நெருப்பால் சுடவும் வேண்டாம். கடித்திருக்கும் மெல்லிய முனையின் அடியில் நகத்தை வைத்து வழித்தால் விடும். பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டுங்கள்.

● கால் கெடுவதற்கு உறைபனி வேண்டியதில்லை. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் சேற்றுத் தண்ணீரில் நின்ற சிப்பாய்களின் கால்கள் வெளுத்து, மரத்து, பிறகு வீங்கி, நெருப்பாக எரியத் தொடங்கின. 1914–15 குளிர்காலத்தில் மட்டும் பிரித்தானியப் படையில் 20,000 பேருக்கு மேல் இதற்காகச் சிகிச்சை பெற்றார்கள். அங்கே எப்போதும் உறைபனி இருக்கவில்லை. நீர் உறையும் நிலைக்கு மேலே, 10, 12 பாகைக் குளிரில்கூட, ஈரமான காலோடு நாள்கணக்கில் அசையாமல் நின்றால் இது வரும். நரம்பு சேதமாகிவிட்டால் பல வருடங்களுக்குக் குளிரே தாங்க முடியாமல் போகும்.

அன்று அதற்குக் கண்ட பரிகாரம் மிக எளியது: தினமும் காலைத் துடைத்துக் காயவைப்பது, சொக்ஸை மாற்றுவது, ஒருவர் காலை இன்னொருவர் பார்ப்பது. அதிகாரிகள் சிப்பாய்களின் காலை நேரில் பரிசோதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1982இல் ஃபோக்லண்ட் தீவுப் போரிலும் பிரித்தானியச் சிப்பாய்களுக்கு அதே நோய் வந்தது. தண்ணீர் புகுந்த பூட்ஸ்தான் முக்கிய காரணம்.

மழை நாளில் மலையில் நின்றவர் வீட்டுக்கு வந்து, கால் மரத்திருக்கிறது என்று அடுப்பு நெருப்பில் நீட்டக் கூடாது. சூடு தெரியாததால் தோல் வெந்துவிடும். துடைத்து, காய்ந்த துணியைச் சுற்றி, காலைச் சற்று உயர்த்தி வைத்து, மெதுவாகச் சூடேற விட வேண்டும். தேய்க்கவும் வேண்டாம்.

● அசையாத காற்றை விடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பூட்ஸின் உள்ளே இருக்கும் பஞ்சும் கம்பளியும் தாமாகச் சூடு தருவதில்லை. காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். அந்த இடத்தில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரம்பிவிட்டால் பத்தாயிரம் ரூபாய் பூட்ஸும் வெறும் பாரம்தான். அந்தத் தண்ணீர் மழையாக வெளியிலிருந்து வந்தாலும் வியர்வையாக உள்ளேயே சுரந்தாலும் ஒன்றுதான். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் சீட் வரை ஏறுகிறவர், கனத்த பனி பூட்ஸ் போட்டிருந்தால் உச்சியை அடையும்போது வியர்வையால் நனைந்த காலோடுதான் நிற்பார். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் அதே கால் விறைக்கும்.

● ஆட்டுரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. பருத்தி அப்படியல்ல, நனைந்ததும் தோலோடு ஒட்டிக் குளிர வைக்கும். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நம் முன்னோருக்குக் கொடுத்த கம்பளியின் விலையை அவர்கள் கூலியிலேயே கழித்தார்கள். ஆனாலும் அந்தக் கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுத்தான் மழையில் நின்றார்கள். நனைந்தும் அது சூட்டைக் காத்தது. தலைக்குக் கம்பளி தெரிந்த நமக்குக் காலுக்குக் கம்பளிச் சொக்ஸ் இன்னும் பழக்கமாகவில்லை. புதிய பூட்ஸுக்குக் காசு போதவில்லை என்றால், முதலில் இரண்டு சோடி கம்பளிச் சொக்ஸ் வாங்குங்கள். ஒன்று காலில், ஒன்று பையில்.

● இன்றைய வேட்டை பூட்ஸ் பிறந்ததே ஈரக் காலால்தான். அமெரிக்காவின் மேன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்பவர், காட்டில் நடந்து நடந்து நனைந்த காலோடு திரும்புவது பொறுக்காமல், றப்பர் அடிப்பாகத்தோடு தோல் மேற்பாகத்தைச் சேர்த்துத் தைப்பித்தார். 1912இல் முதல் 100 சோடிகளை விற்றார். தையல் பிரிந்து 90 சோடிகள் திரும்பி வந்தன. எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடன் வாங்கித் திருத்தமாகச் செய்தார். றப்பரும் தோலும் சேரும் தையல்தான் இன்றும் இவ்வகை பூட்ஸில் முதலில் விடும் இடம். வாங்கும்போது அங்கே விரலை ஓட்டிப் பாருங்கள்.

● பூட்ஸின் பக்கவாட்டில் 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று போட்டிருக்கும். அது பூட்ஸின் எடை அல்ல. உள்ளே வைத்திருக்கும் செயற்கைப் பஞ்சுப் படலம் ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். எண் கூடக் கூடச் சூடு கூடும் என்பது சரி. எண் கூடினால் நல்லது என்பது பிழை. குளிர்நாட்டில் நடந்து தேடும் வேட்டைக்காரர் 200 அல்லது 400 கிராமைத்தான் எடுப்பார். 800, 1,000 எல்லாம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பவருக்கு. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு வரை நடந்து திரும்புகிறவருக்குப் பஞ்சே இல்லாத பூட்ஸும் கம்பளிச் சொக்ஸும் போதும். இரவுக் காவலுக்கு நிற்கும் நுவரெலியாக் காவலாளிக்கு 200 கிராம் உதவும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் விமானம் ஏறப் போகிறவருக்கு.

● வடதுருவத்து இனுயிட் வேட்டைக்காரர்கள் பனிக்கட்டியில் கடல்நாய் மூச்சுவிடும் துளைக்கருகே அசையாமல் நிற்பவர்கள். அவர்களின் கடல்நாய்த்தோல் பூட்ஸைத் தைக்கும் பெண்கள், தோலின் பாதித் தடிப்பு வரை மட்டுமே ஊசியை இறக்குவார்கள். தோலை ஊடுருவிய துளை இல்லாததால் தண்ணீர் வர வழியில்லை. ஸ்கண்டிநேவியாவின் வடக்கில் சாமி மக்கள் கலைமான் தோல் பூட்ஸுக்குள் காய்ந்த கோரைப் புல்லைத் திணிப்பார்கள். இரவில் புல்லை வெளியே எடுத்து உலர்த்திக்கொள்வார்கள். உள்ளே இருப்பதைக் கழற்றிக் காயவைக்க முடிய வேண்டும் என்ற அந்தப் பழைய அறிவு இன்றும் நல்ல பனி பூட்ஸைத் தெரிந்துகொள்ள உதவும். உள்ளுறை தனியாகக் கழன்று வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

● பெட்டியில் ‘மைனஸ் 40’ என்று பெரிதாக அச்சடித்திருக்கிறதா? அந்த எண்ணைப் போடுவதற்கு உலகம் முழுவதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே சோதனை கிடையாது. ஒரு கம்பனியின் 40 இன்னொரு கம்பனியின் 25 ஆகவும் இருக்கலாம். ஆனால் வேலைத்தலப் பாதுகாப்பு பூட்ஸுக்கு நம்பத்தக்க அடையாளம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 20345 என்ற தரத்தில் ‘சி.ஐ.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பூட்ஸின் நாக்கிலோ பக்கத்திலோ இருந்தால், அந்த வகை பூட்ஸை மைனஸ் 17 பாகை அறையில் 30 நிமிடம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், உள்ளட்டையின் வெப்பநிலை 10 பாகைக்கு மேல் இறங்கவில்லை என்று பொருள். வளைகுடாவிலும் கொரியாவிலும் குளிரூட்டிய களஞ்சியங்களில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்த எழுத்துகளைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கொடுக்கும் பூட்ஸில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வெளியே வெயில் 40 பாகை என்பதால் உள்ளே காலுக்குக் குளிர் குறையப் போவதில்லை.

● 1876இல் பிரேசிலின் றப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சுமார் 1,900 கன்றுகளாக இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வேர் பிடித்தன. ஆசியாவின் றப்பர் தோட்டங்களுக்கு அதுவும் ஒரு தொடக்கம். இன்று ஊவாவின் மொனராகலை மாவட்டத்திலும் றப்பர் பால் இறங்குகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் கம்பூட்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்கைத்தான் எடுத்துத் தருவார்கள். அது குளிரில் விறைக்கும்; விறைத்தால் வழுக்கும், நாளடைவில் மடிப்பில் வெடிக்கும். இயற்கை றப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும். கண்டுபிடிக்கும் வழி: பூட்ஸை ஓர் இரவு முற்றத்தில் குளிரில் வைத்து, விடியலில் விரல்கள் மடியும் இடத்தில் வளைத்துப் பாருங்கள். றப்பர் முணுமுணுக்காமல் மடியும்.

● மழை உள்ளே வராது, வியர்வை மட்டும் வெளியேறும் என்று விற்கப்படும் சவ்வு பூட்ஸுக்கு மூலகாரணம், 1969இல் ரொபர்ட் கோர் டெஃப்லோன் கம்பியைச் சடாரென்று இழுத்தபோது அது நுண்துளைகளோடு நீண்டதுதான். கோர்-டெக்ஸ் அதிலிருந்து வந்தது. நல்ல பொருள். ஆனால் உள்ளே சூடும் ஈரமும் கூடவும் வெளியே குறையவும் இருந்தால்தான் வியர்வை ஆவி வெளியே போகும். நவம்பரில் நமுனுகுலையை மூடிய மூடுபனியில் வெளிக்காற்றே நிரம்ப ஈரமாக இருக்கிறது. ஆவி போக இடமில்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்குமுன் யோசியுங்கள்.

● கடையில் செய்ய வேண்டியவை:

மாலையில் போங்கள். நாள் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அதுதான் உண்மையான அளவு. போடப்போகும் கம்பளிச் சொக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள், கடைக்காரர் தரும் மெல்லிய சொக்ஸில் பார்ப்பதில் பயனில்லை. நாடாவைக் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் சிறிது. இரண்டு விரல் நுழைந்தால் பெரிது. இறுக்கமான பூட்ஸ் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், காற்றுக்கும் இடம் விடாது. அதைச் சூடாக்க எந்தப் பஞ்சாலும் முடியாது. விறைக்கிறதே என்று இரண்டாவது சொக்ஸையும் திணிக்கிறவர்கள் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள்.

பிறகு படியைத் தேடுங்கள். நம் ஊரில் எந்தக் கடைக்கும் வாசலில் நாலு படியாவது இருக்கும். ‘அண்ணே, ஒருக்கா படியில இறங்கிப் பாக்கிறன்’ என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். கீழ்நோக்கி இறங்கும்போது கால்விரல் முன்பக்கம் முட்டினால் அந்த பூட்ஸ் வேண்டாம். சமதரை ஊரில் இந்தச் சோதனையை விட்டாலும் தப்பிக்கலாம். மலையில் ஒரே இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழும்புங்கள். பூட்ஸ் விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும், பாதத்தின் நடுவில் மடிந்தால் அது மட்டமானது.

கடைசியாக நாக்கைப் பாருங்கள். நாக்கின் இரண்டு பக்கமும் பூட்ஸோடு சேர்த்துத் தைத்த மடிப்பு எந்த உயரம் வரை இருக்கிறதோ, அந்த உயரம் வரைதான் தண்ணீர் நுழையாது. முழங்கால் வரை உயர்ந்த பூட்ஸாக இருந்தும் நாக்கு மடிப்பு கணுக்காலோடு முடிந்தால் ஓடையில் கால் வைத்த அடுத்த நிமிடமே நனையும். விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள்.

● வீட்டில் செய்ய வேண்டியவை: உள்ளே பழைய பத்திரிகைத்தாளைக் கசக்கித் திணித்து, பூட்ஸை நாக்கு மடிப்பின் உயரத்துக்கு வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். மிதக்காமல் கல் வையுங்கள். தாளை எடுத்துப் பார்த்தால் எந்த மூலையில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. இரண்டு சோடி பூட்ஸின் சூட்டை ஒப்பிட்டுச் சோதிக்க, ஒரே அளவான இரண்டு சிறு போத்தல்களில் ஒரே சூட்டில் வெந்நீர் நிரப்பி, இரண்டு சோடிகளிலிருந்தும் ஒவ்வொரு பூட்ஸை எடுத்து அவற்றுக்குள் வைத்து, வாயைத் துணியால் அடைத்து, பண்டாரவளை இரவுக் குளிரில் வெளியே விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எந்தப் போத்தல் கூடச் சூடாக இருக்கிறது என்று கையே சொல்லும். விலையும் பெயரும் எத்தனையோ முறை இந்தச் சோதனையில் தோற்கும்.

● கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் போகும். அங்கிருந்து குடலுக்குப் போய் இரத்தத்தை உறிஞ்சும். இலங்கைத் தோட்டங்களில் இது எவ்வளவு பரவியிருந்தது என்றால், ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இங்கே தோட்டம் தோட்டமாக ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், மலசலகூடம் கட்டச் சொன்னார்கள். தோட்டத்து ஆட்களின் கால்களோ வெறுமையாகவே இருந்தன. சோம்பேறிகள் என்று துரைமார் திட்டிய எத்தனையோ பேர் இரத்தசோகையில் நின்றவர்கள்.

● வயல் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் இன்னொரு ஆபத்து. 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் அது பதிவானது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலிலுள்ள சிறு கீறல் வழியே கிருமியை ஏற்றும். வெலிமடைப் பக்கம் சேற்றில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாத்திரை கேளுங்கள். பூட்ஸ் போட முடிந்த வேலைக்கு பூட்ஸும் போடுங்கள்.

● தேயிலைச் செடியடியில் சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும், மூக்கு மேல்நோக்கிய சின்ன விரியனை அறிவீர்களா? இலங்கையில் மிக அதிகம் பேரைக் கடிக்கும் பாம்புகளில் அதுவும் ஒன்று. பெரும்பாலும் காலில்தான் கடிக்கும். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து அதன் விஷத்துக்கு வேலை செய்வதில்லை. கணுக்காலை மூடிய ஒரு தடித்த பூட்ஸ் இங்கே மருந்தை விட மேல்.

● அந்தக் காலத்து யானை, மரை வேட்டைக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மரையையும் சிறுத்தையையும் காக்கிறது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் தங்கிய ஃபார் இல்லம் இப்போது பார்வையாளர்களுக்கான தகவல் நிலையம். ஆனால் தோட்ட ஓரங்களில் பன்றிக்கென்று கட்டும் கம்பிச் சுருக்கு இன்னும் ஒழியவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் அப்படிச் சிக்கிய ஒரு கருஞ்சிறுத்தை, காப்பாற்றப்பட்டும் சில நாள்களில் செத்தது. அந்தக் கம்பியைக் கட்டாதீர்கள். கட்டுகிறவரைத் தெரிந்தால் தடுத்துவிடுங்கள்.

● டொரொன்டோவில் உறவினர் இருக்கிறார்களா? அங்குள்ள புனர்வாழ்வு ஆய்வு நிறுவகத்தில் பனிக்கட்டித் தரை போட்ட ஓர் அறையைச் சாய்த்துச் சாய்த்து, பூட்ஸ் போட்ட மனிதர்களை அதில் நடக்க விட்டு, எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று அளக்கிறார்கள். ஏழு பாகைச் சரிவில் வழுக்காமல் நின்றால் ஒரு பனிப்பூ அடையாளம். முதலில் சோதித்த 98 வகைகளில் 9 மட்டுமே அதைத் தாண்டின. பெயர் போன கம்பனிகள் பல தோற்றன. முடிவுகளை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்கார்பரோவில் புதிதாகப் போய் இறங்கும் அம்மா அப்பாவுக்கு பூட்ஸ் வாங்குமுன் பிள்ளைகள் அதைத் திறந்து பார்க்கட்டும். பனி நாட்டில் வயதானவர்களின் இடுப்பை முறிப்பது வழுக்கல்தான்.

● நனைந்த பூட்ஸை அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள். தோல் சுருங்கி வெடிக்கும், அடிப்பாகத்தின் பசை விடும். உள்ளட்டையை உருவி, நாக்கை முன்னே இழுத்து, தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குள் பெருமளவு காய்ந்துவிடும்.

● வெளிநாட்டிலிருந்து வந்த பூட்ஸை விசேஷத்துக்கென்று அலுமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பொலியூரிதேன் அடிப்பாகம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து போடாமலே சிதையும். ஐந்தாறு வருடம் கழித்து எடுத்துப் போட்டால் நடுவழியில் அடிப்பாகம் துண்டு துண்டாக உதிரும். மலைக்குப் போவதற்கு முதல் நாள் கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், மாவாக உதிர்ந்தால், அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

● கொழுந்து பறிக்கிறவருக்கு ஏற்ற பூட்ஸ் எப்படி இருக்க வேண்டும்? பஞ்சு வேண்டாம். எடை குறைவாக, முழங்காலுக்குக் கீழே நாடாவால் இறுக்கும் துணி விளிம்போடு, களிமண் ஒட்டாமல் உதிரும்படி அகலமான பள்ளங்கள் உள்ள றப்பர் அடிப்பாகத்தோடு இருக்க வேண்டும். கவ்வாத்துக் குச்சி குத்தாத தடிப்பும் வேண்டும். முக்கியமாக, பெண்களின் கால் அளவில் வேண்டும். கடைகளில் நாலாம், ஐந்தாம் நம்பர் கம்பூட்ஸ் கேட்டுப் பாருங்கள், எத்தனை கடை ஏற வேண்டியிருக்கிறது என்று தெரியும். ஏழாம் நம்பரை மாட்டிக்கொண்டு செங்குத்து மலையில் கூடையோடு நிற்பதை விட வெறுங்கால் மேல் என்று பெண்கள் சொன்னால் அது பிடிவாதம் அல்ல. தோட்டங்கள் பூட்ஸ் வாங்குமுன் பெரட்டுக்களத்தில் ஒரு தாளை விரித்து, ஒவ்வொருவரின் பாதத்தையும் பென்சிலால் வரைந்து அளவெடுக்கட்டும். அரை நாள் வேலை அது.